ஜானி கேஷ் ஷோ: விருந்தினருக்குப் பிணை நின்ற பாடகர்

கேள்வி இதுதான்: 1969 முதல் 1971 வரை அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில், கண்ட்ரி எனப்படும் அமெரிக்கக் கிராமிய இசையின் பாடகர் ஜானி கேஷ் நடத்திய 'ஜானி கேஷ் ஷோ' என்ற பல்சுவை நிகழ்ச்சியை இன்று உட்கார்ந்து பார்ப்பதில் என்ன பயன்? பழைய ரசிகர்களின் ஏக்கத்தைத் தாண்டி அதில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எங்கிருந்து தொடங்குவது?

முதலில் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு முழு நிகழ்ச்சியைப் போட்டுப் பார்த்தால் அரைவாசி நேரம் இருக்கையில் நெளிவீர்கள். சிரிப்பு வராத சிரிப்புத் துணுக்குகள் வரும். நான்கு பேர் வாசித்தால் போதும் என்ற பாட்டின் மேல் ஒரு வாத்தியக் குழுவே ஏறி உட்கார்ந்திருக்கும். கேஷுக்கும் விருந்தினருக்கும் எழுதிக் கொடுத்த உரையாடல்கள் பள்ளி ஆண்டு விழா நாடகத்தை நினைவூட்டும். கேஷ் மிகப் பெரிய பாடகர். நகைச்சுவை வசனத்தை ஒப்பிக்கும்போது மட்டும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பார்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு ஒரே காரணம்தான். பாடகர்கள் நடத்திய மற்றப் பல்சுவை நிகழ்ச்சிகளில் தொகுப்பாளர் விருந்தினரை அறிமுகப்படுத்துவார், கைதட்டுவார், கடைசியில் இருவரும் ஒரு பாட்டுப் பாடுவார்கள். கேஷ் செய்தது வேறு. அவர் விருந்தினருக்குப் பிணை நின்றார். 'இந்த ஆளை உங்களில் பலருக்குப் பிடிக்காது. ஆனால் என்னைப் பிடிக்கும் அல்லவா? என் பொறுப்பில் ஒரு பாட்டு கேளுங்கள்' என்று வாய்விட்டுச் சொல்லாமல் சொன்னார். நிகழ்ச்சியின் சிறந்த தருணங்கள் எல்லாமே ஏறக்குறைய இந்தப் பிணைக் கையெழுத்துகள்தான்.

அந்தக் கையெழுத்துக்கு எங்கிருந்து மதிப்பு வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சிறைக்குள் பதிவு செய்யப்பட்ட இரண்டு நேரடி இசைத்தட்டுகள், 1968இல் ஃபால்சம், 1969இல் சான் குவென்டின், அவரை உச்சத்துக்குக் கொண்டுபோயிருந்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வரை அவர் மாத்திரைப் பழக்கத்தில் மூழ்கிக் கிடந்தார். 1965இல் நாஷ்வில் நகரின் ரைமன் அரங்கில், கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சியின்போது, மைக் தாங்கியை இழுத்து மேடை விளிம்பு விளக்குகளை வரிசையாக உடைத்துத் தள்ளினார். இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான்கே ஆண்டுகளில் தொலைக்காட்சி நிறுவனம் அவருக்கு ஒரு நிகழ்ச்சியைக் கொடுத்தபோது, ஹாலிவுட் அரங்கம் வேண்டாம், நாஷ்வில்லில் அதே ரைமனில்தான் நடக்க வேண்டும் என்றார். விளக்கை உடைத்தவரே அந்த வீட்டுக்கு விருந்தோம்பல் செய்ய வந்தார்.

ரைமன் 1892இல் மதக் கூட்டங்களுக்காகக் கட்டப்பட்ட கூடம். நாற்காலிகள் கிடையாது, தேவாலயங்களில் இருப்பதுபோல நீண்ட மர பெஞ்சுகள். அப்போது குளிர்சாதன வசதி இல்லை. தொலைக்காட்சி விளக்குகளின் சூடு வேறு. பார்வையாளர்கள் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்த இடம் அது. ஆனால் உள்ளே மரம் நிறைந்த அந்தக் கூடத்தின் ஒலி அருமையானது. நிகழ்ச்சியின் ஒலிப்பதிவில் ஒரு சூடு இருக்கிறது என்று தோன்றினால் அது பிரமையல்ல.

1969 ஜூன் 7ஆம் தேதி ஒளிபரப்பான முதல் நிகழ்ச்சியிலேயே பிணை தொடங்கிவிட்டது. விருந்தினர்கள்: எதிர்ப்புப் பாடல்களால் இளைஞர்களின் நாயகனான பாப் டிலன், பாடகி ஜோனி மிட்செல், லூசியானாவின் 'கேஜன்' நாட்டுப்புற இசையை ஃபிடிலில் வாசிக்கும் டக் கெர்ஷா. டிலன் 1966இல் மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு பொதுவெளியில் அபூர்வமாகவே தலைகாட்டிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சி என்றால் ஓடி ஒளிபவர். அவர் கேஷுக்காக வந்தார். இருவரும் கிடாரோடு உட்கார்ந்து 'கேர்ள் ஃப்ரம் தி நார்த் கன்ட்ரி' பாடினார்கள். இரண்டு மாதம் முன்பு வெளியான டிலனின் 'நாஷ்வில் ஸ்கைலைன்' இசைத்தட்டில் இருவரும் சேர்ந்து பாடியிருந்த பாட்டு அது. அந்த இசைத்தட்டின் உறையில் கேஷ் எழுதிய அறிமுகக் குறிப்புக்கே பின்னாளில் கிராமி விருது கிடைத்தது.

அந்தக் காட்சியில் கவனிக்க வேண்டியது டிலனின் முகத்தை. நிமிர்ந்து பார்க்கவே கூச்சப்படுகிறார். கேஷ் அவரைப் பேசவைக்க முயலவில்லை. முதுகில் தட்டவில்லை. கூட்டத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். இருவர் குரலும் சரியாகப் பொருந்தவும் இல்லை. ஆளுக்கொரு தாளத்தில் நடக்கிறார்கள். ஒத்திகை பார்த்துச் செதுக்கிய இரட்டைப் பாடலில் கிடைக்காத ஒன்று அதில் இருக்கிறது. கண்ட்ரி இசை கேட்கும் குடும்பங்கள் சனிக்கிழமை இரவில் டிலனைத் தங்கள் கூடத்தில் உட்காரவைத்தன என்பதே அன்று பெரிய செய்தி. நீண்ட தலைமுடி வைத்தவர்களும் பைபிளைக் கையில் வைத்தவர்களும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த ஆண்டு அது.

அடுத்தது கண்ட்ரி பாடகர் மெர்ல் ஹேகர்ட். நிகழ்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த பேச்சுப் பகுதி இதுதான். 1969 கோடையில் வந்தபோது ஹேகர்ட் ஏற்கெனவே நட்சத்திரம். ஆனால் இளமையில் சான் குவென்டின் சிறையில் இருந்தவர் என்பது வெளியே பரவலாகத் தெரியாது. தெரிந்தால் ரசிகர்கள் போய்விடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தார். நீயே சொல்லிவிடு, பிறகு எந்தப் பத்திரிகையும் உன்னை மிரட்ட முடியாது என்று கேஷ்தான் அவரைத் தேற்றினார். மேடையில் சிறைக் கச்சேரிகளைப் பற்றிப் பேச்சு வருகிறது. கேஷைத் தாம் முதன்முதலில் பார்த்ததே சான் குவென்டினில்தான் என்கிறார் ஹேகர்ட். அந்தக் கச்சேரியில் நீ பாடியதாக நினைவில்லையே என்கிறார் கேஷ். பாடவில்லை, பார்வையாளர் கூட்டத்தில் இருந்தேன் என்கிறார் ஹேகர்ட். இரண்டு வரிதான். எழுதி வைத்துப் பேசியதுதான் என்றாலும், வாழ்நாள் பயம் ஒன்று நகைச்சுவைத் துணுக்கின் வடிவில் வெளியே விழுந்துவிடுகிறது. 1972இல் ஹேகர்டுக்குக் கலிஃபோர்னியா ஆளுநராக இருந்த ரொனால்ட் ரீகன் முழு மன்னிப்பு வழங்கினார். ரசிகர்கள் அதற்கு முன்பே வழங்கிவிட்டார்கள்.

நாட்டுப்பாடல் பாடகர் பீட் சீகர் விஷயத்தில் பிணையின் விலை அதிகம். இடதுசாரி என்பதற்காக 1950களிலிருந்து அமெரிக்கத் தொலைக்காட்சி அவரை ஒதுக்கி வைத்திருந்தது. இதே ஏபிசி 1963இல் 'ஹூட்டனானி' என்று நாட்டுப்பாடல் நிகழ்ச்சியே நடத்தியது. அந்த வகைப் பாடலின் தலைமகனான சீகரை மட்டும் உள்ளே விடவில்லை. அதைக் கண்டித்துப் பாடகி ஜோன் பாயஸ் போன்றவர்கள் அதில் பாட மறுத்தார்கள். அதே நிறுவனத்தின் மேடையில் 1970இல் கேஷ் சீகரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

இதனால் கேஷை ஒரு போராளியாகப் படம் போட்டு மாட்டிவிடக் கூடாது. அதே 1970இன் தொடக்கத்தில், வியட்நாம் போரில் அமைதி காண முயலும் அதிபர் நிக்சனுக்கு என் குடும்பத்தின் ஆதரவு உண்டு என்று இதே மேடையில் சொன்னவரும் அவர்தான். ஏப்ரலில் வெள்ளை மாளிகையில் பாட அழைப்பு வந்தது. போராட்டக்காரர்களையும் அரசு உதவி பெறும் ஏழைகளையும் கேலி செய்யும் இரண்டு பாட்டுகளை அதிபர் தரப்பு விரும்பிக் கேட்டது. கேஷ் அவற்றைப் பாடவில்லை. இளைஞர்கள் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள் என்று சொல்லும் தம்முடைய 'வாட் இஸ் ட்ரூத்' பாட்டைப் பாடிவிட்டு வந்தார். அவரை எந்தக் கட்சியின் கணக்கிலும் எழுத முடியாது. அதனால்தான் இரண்டு பக்கத்தாரும் அவருடைய பிணையை ஏற்றுக்கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

இனி ஒரே ஒரு சொல்லுக்காக நடந்த இழுபறியின் கதைக்கு வருகிறேன். கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், ராணுவ ஹெலிகாப்டர் ஓட்டியவர். பாட்டெழுதும் ஆசையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தார். கேஷின் கவனத்தைப் பெற அவர் வீட்டுப் புல்வெளியிலேயே ஹெலிகாப்டரை இறக்கினார் என்பது பிரபலமான கதை. ஒரு கையில் ஒலிநாடா, இன்னொரு கையில் பீர் என்று கேஷ் அதற்குக் காது மூக்கு வைத்துச் சொல்வார். கேஷ் அன்று வீட்டிலேயே இல்லை என்று கிறிஸ்டோஃபர்சன் சொல்வார். அவர் எழுதிய 'சண்டே மார்னிங் கமிங் டவுன்' ஞாயிறு காலையில் தலைவலியோடு எழுந்து, யாருமில்லாத தெருவில் நடக்கும் ஒருவனின் பாட்டு. போதையில் இருந்திருக்கலாமே கடவுளே என்று அவன் ஏங்கும் ஒரு வரி அதில் வருகிறது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, வீட்டில் இருந்திருக்கலாமே என்று மாற்றச் சொன்னது தொலைக்காட்சி நிறுவனம்.

மாற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தனிமையில் நொந்தவனின் பாட்டு, வீட்டு ஏக்கப் பாட்டாகிவிடும். எழுதியவர் மாடியில் உட்கார்ந்திருந்தார். கேஷ் அந்த வரிக்கு வந்ததும் மாடியை நிமிர்ந்து பார்த்து, எழுதியபடியே பாடினார். கிறிஸ்டோஃபர்சன் இதைப் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த மேடைப் பதிவே இசைத்தட்டாக வந்து கண்ட்ரி வரிசையில் முதலிடம் பிடித்தது. 1970இன் சிறந்த பாடலாகக் கண்ட்ரி இசைச் சங்கம் அதைத் தேர்ந்தெடுத்தது. துடைப்பக்காரருக்கு அதன் பிறகு துடைப்பம் தேவைப்படவில்லை.

பிணை எப்போதும் புதியவருக்கோ ஒதுக்கப்பட்டவருக்கோ மட்டும் அல்ல. 1970 அக்டோபரில் ஜாஸ் இசை மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் வந்தார். ஆம்ஸ்ட்ராங்குக்கு யார் பிணை நிற்க வேண்டும் என்று கேட்கலாம். கேஷ் இங்கே ஒரு பழைய கடனைத் தீர்த்தார். 1930இல் லாஸ் ஏஞ்சலஸில், கண்ட்ரி இசையின் தந்தை எனப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ் 'புளூ யோடல் நம்பர் 9' என்ற பாட்டைப் பதிவு செய்தார். அதில் டிரம்பெட் வாசித்தவர் ஆம்ஸ்ட்ராங். பியானோ அவருடைய அப்போதைய மனைவி லில். வெள்ளையர் இசை, கறுப்பர் இசை என்று கடைகளில் தனித்தனி அடுக்குகளில் விற்ற காலம். அந்த இசைத்தட்டில் அவர்கள் இருவர் பெயரும் இல்லை.

நாற்பது ஆண்டு கழித்து, கண்ட்ரி இசையின் தலைமைக் கோயில் என்று சொல்லப்படும் ரைமனில், ஆம்ஸ்ட்ராங்கைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் கதையைச் சபையறியச் சொல்லிவிட்டு, ராட்ஜர்ஸின் பாகத்தைக் கேஷ் பாடுகிறார். அசல் பாகத்தை அசல் ஆளே வாசிக்கிறார். ஆம்ஸ்ட்ராங்குக்கு அப்போது உடல்நிலை மோசம். மருத்துவர்கள் டிரம்பெட்டைத் தொடாதே என்று சொல்லி, அதிலிருந்து மெல்ல மீண்டுகொண்டிருந்த நேரம். 1971 ஜூலையில் இறந்துபோனார். குரலைச் சட்டென்று மேலும் கீழும் தாவவிடும் யோடல் பாணியில் கேஷ் கெட்டிக்காரர் அல்ல, குரல் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு டிரம்பெட் உள்ளே வரும் இடம் ஒன்று இருக்கிறது. நான் எத்தனை முறை பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அதே மேடையில் வாராவாரம் ஓரமாக நின்று பாடிய மூதாட்டி மேபெல் கார்ட்டரையும் மறக்க வேண்டாம். கேஷின் மாமியார், ஜூன் கார்ட்டரின் தாய். ஜிம்மி ராட்ஜர்ஸும் கார்ட்டர் குடும்பமும் முதன்முதலாகப் பாடிப் பதிவு செய்தது 1927இல் பிரிஸ்டல் என்ற ஊரில், ஒரே வாரத்தில். கண்ட்ரி இசை வியாபாரமாகப் பிறந்த வாரம் அது என்பார்கள். கட்டைவிரலால் தடித்த தந்திகளில் மெட்டு வாசித்துக்கொண்டே மற்ற விரல்களால் தாளம் தட்டும் அவருடைய பாணியைத்தான் கிடார் பழகிய அமெரிக்கப் பிள்ளைகள் பாதிப் பேர் கற்றார்கள். தொலைக்காட்சி அவரை மாப்பிள்ளையின் குடும்பப் பட்டாளத்தில் ஒருவராகவே காட்டியது. கொஞ்சம் அநியாயம்தான்.

நிரந்தரக் குழுவில் இருந்த இன்னொருவர் கார்ல் பெர்கின்ஸ். 'புளூ ஸ்வேட் ஷூஸ்' எழுதியவர், பீட்டில்ஸ் இளைஞர்களே இவருடைய பாட்டுகளை எடுத்துப் பாடியிருக்கிறார்கள். இங்கே கேஷுக்குப் பின்னால் கிடார் வாசித்துக்கொண்டிருந்தார். 1971 ஜனவரியில் ராக் கிடார் கலைஞர் எரிக் கிளாப்டனின் டெரெக் அண்ட் தி டாமினோஸ் குழு இந்த நிகழ்ச்சிக்கு வந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்தக் குழு தோன்றியது இந்த ஒரு முறைதான். கேஷ் பெர்கின்ஸை முன்னால் அழைத்து, கிளாப்டனோடு 'மேட்ச்பாக்ஸ்' பாடவிட்டார். கிளாப்டன் பெர்கின்ஸைப் பார்க்கும் பார்வை, வாத்தியாரைப் பார்க்கும் மாணவனின் பார்வை.

'ரைடு திஸ் டிரெயின்' என்று ஒரு பகுதி பல வாரங்களில் வரும். ரயில் காட்சிகள் ஓட, பருத்தி பறிப்பவர், சுரங்கத் தொழிலாளி, கைதி என்று யாராவது ஒருவரின் வாழ்க்கையைப் பேச்சும் பாட்டுமாகக் கதாகாலட்சேபம் போலக் கேஷ் சொல்லிக்கொண்டு போவார். சில வாரம் பிரமாதம், சில வாரம் பாடப்புத்தகம். ஆர்க்கன்சாவில் பருத்திக் காட்டில் வளர்ந்தவர் என்பதால் அந்தப் பகுதி வரும்போது மட்டும் குரலில் ஒரு பாரம் இறங்கிவிடும்.

1971 பிப்ரவரியில் வான்டர்பில்ட் பல்கலைக்கழக மாணவர்களை மையமாக வைத்து ஒரு நிகழ்ச்சி. ஏன் எப்போதும் கறுப்பு உடை என்ற கேள்விக்குப் பதிலாக, மை காயாத 'மேன் இன் பிளாக்' பாட்டை அங்கேதான் முதன்முதலில் பாடினார். ஏழைக்காக, தண்டனைக் காலம் முடிந்தும் வெளியே வராத கைதிக்காக, வாரந்தோறும் போரில் சாகும் இளைஞர்களுக்காக என்று அடுக்கிக்கொண்டே போகும் பாட்டு. ஓராண்டு முன்பு நிக்சனுக்கு ஆதரவு சொன்னவர் நகர்ந்திருக்கும் தூரம் அதில் தெரிகிறது.

அந்த நிகழ்ச்சிக்கு இளம் பாடகர்கள் நீல் யங், ஜேம்ஸ் டெய்லர், லிண்டா ரான்ஸ்டாட் மூவரும் நாஷ்வில் வந்திருந்தார்கள். வந்த இடத்தில் நீல் யங் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய் 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' பதிவு செய்தார். மற்ற இருவரும் பின்குரல் கொடுத்தார்கள். 1972இல் அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ஒரே ஊரில் ஆட்கள் கூடியதால் விளைந்த உபரி லாபம்.

ஏன் நின்றது? மொத்தம் 58 நிகழ்ச்சிகள். கடைசி நிகழ்ச்சி 1971 மார்ச் 31. போகப் போக நிறுவனம் ஹாலிவுட் முகங்களைத் திணித்தது. பாப் ஹோப், கிர்க் டக்ளஸ் போன்றவர்கள் வந்து போனார்கள். கேஷ் தம் பங்குக்குப் பக்திப் பாடல்களைக் கூட்டினார். தாம் ஒரு கிறிஸ்தவர் என்று மேடையில் வெளிப்படையாக அறிவிக்க, நிறுவனத்துக்கு அது பிடிக்கவில்லை. இதோடு அந்த ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சிகள் எல்லாம் நகரத்து இளைஞர்களைத் தேடிக் கிளம்பின. விளம்பரதாரர்களுக்கு அவர்கள்தான் தேவை. கிராமத்து வாசம் அடித்த நிகழ்ச்சிகளை மொத்தமாக வெட்டித் தள்ளினார்கள். மாலை நேரத்தில் ஒரு பகுதியை உள்ளூர் நிலையங்களுக்கு விட்டுவிட வேண்டும் என்ற அரசு விதி வேறு வந்து, நிகழ்ச்சிகளுக்கு இடம் சுருங்கியது. டிலனையும் நீல் யங்கையும் அழைத்து வந்தவரை 'கிராமத்து ஆள்' என்ற கணக்கில் வெட்டியது வேடிக்கை.

எங்கே தொடங்குவது என்றால்: 2007இல் இரண்டு டிவிடிகளாக 66 பாடல் காட்சிகள் கொண்ட தொகுப்பு வெளியானது, அதைத் தொகுத்து வழங்குபவர் நம் கிறிஸ்டோஃபர்சன்தான். சிரிப்புத் துணுக்குகளை நீக்கிவிட்டார்கள் என்பது அதன் பலம். ஆனால் முழு நிகழ்ச்சி ஒன்று எங்காவது கிடைத்தால் அதையும் விடாதீர்கள். மோசமான துணுக்கு ஒன்று முடிந்து, கேஷ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கிடாரை முதுகிலிருந்து முன்னால் இழுத்துப் பாடத் தொடங்கும்போது முகம் எப்படி மாறுகிறது என்பது தனித்தனிக் காட்சிகளில் தெரியாது. என் வரிசை இது: முதலில் ஹேகர்ட் உரையாடல், அடுத்து ஞாயிறு காலைப் பாட்டு, பிறகு சோல் இசைப் பாடகர் ரே சார்ல்ஸ் வந்து கேஷின் 'ரிங் ஆஃப் ஃபயர்' பாட்டைத் தம்முடையதாக்கிக்கொண்டு போவது. ஆம்ஸ்ட்ராங்கைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு வேறு எதுவும் போட வேண்டாம்.